முட்டைக்கோஸ் ஊர்வலம்

ஆய்வுக்குழு வருகிறது என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டிய அன்றே எனக்குப் பயம் ஆரம்பித்துவிட்டது. பல் டாக்டருக்குப் பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். வரி அலுவலகத்துக்குப் பயப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். லைப்சிக்கில் சங்கத் தோட்டம் வைத்திருப்பவர்கள் இந்த இரண்டுக்கும் பயப்படுவதில்லை. அவர்களிடம் உள்ள பயம் மொத்தமும் ஆய்வுக்குழுவுக்கே செலவாகிவிடுகிறது.

எங்கள் சங்கத்தின் பெயர் 'காலை மகிழ்ச்சி'. ரயில் பாதைக்கும் மூடிப்போன ஒரு தொழிற்சாலையின் சுவருக்கும் நடுவே நீளமாகக் கிடக்கிற நிலம். ஆளுக்கு ஒரு துண்டு, துண்டுக்கு ஒரு மரக்குடில். காய்கறி போடலாம், மூலிகை வளர்க்கலாம், ஞாயிற்றுக்கிழமை பிளம் கேக்கை வைத்துக்கொண்டு குளவி விரட்டலாம். இதற்கு ஊரே வரிசையில் நிற்கிறது. எங்களுக்குத் துண்டு கிடைத்தபோது முதல் வருடம் சோதனை வருடம் என்றார்கள். ஆய்வில் தேறினால் தோட்டம் எங்களுக்கு. தேறாவிட்டால் வரிசையில் அடுத்து நிற்பவருக்கு.

எனக்கென்றால் போனால் போகட்டும் என்று விட்டிருப்பேன். ஆனால் ஃபால்கோ இருக்கிறான்.

ஃபால்கோ என்னோடு வாழ்கிறவன். வேலை பார்த்த அச்சகத்தை மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகு அந்தக் குளிர்காலம் முழுக்கச் சுவரைப் பார்த்தபடி படுத்தே கிடந்தான். சாப்பிடச் சொன்னால் "வெச்சுட்டுப் போ." குளிக்கச் சொன்னால் "நாளைக்கு." அவ்வளவுதான் பேச்சு. மே மாதம் சந்தையில் முட்டைக்கோஸ் நாற்று வாங்கி அவன் கையில் திணித்து, "எனக்கு முதுகு வலிக்குது, நீயே நட்டுடு" என்று பொய் சொன்னேன். நட்டான். மறுநாள் காலை எனக்கு முன்னாலேயே எழுந்து, ஒரு காலில் சாக்ஸ் இன்னொரு காலில் ஒன்றுமில்லை என்ற கோலத்தில் நின்று, "டோரிட், அதுக்குத் தண்ணி ஊத்தணும், கிளம்பு" என்றான். நான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

தோட்டம் போனால் அவன் மறுபடியும் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவான். எனக்குப் பயம் அதுதான்.

சங்கத் தலைவர் பிட்டர்லிஷ் முதல் நாளே எங்களை வரவேற்றுப் பேசினார். கையில் ஒரு அளவுகோல். அதை எப்போதும் கீழே வைக்க மாட்டார். கல்யாணத்துக்குப் போனாலும் கொண்டுபோவார் என்று சொல்கிறார்கள்.

"இங்க எல்லாருக்கும் முழுச் சுதந்திரம்மா. எதெதுல, எந்தெந்த நேரத்துலன்னு பலகையில ஒட்டியிருக்கோம். படிச்சுப் பார்த்து அனுபவிங்க."

"வேலி எவ்வளவு உயரம் இருக்கலாம் ஐயா?" என்று கேட்டேன்.

"என் தாடை வரைக்கும்."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. எந்தத் தோட்டத்தையும் தலைவர் வெளியிலிருந்தே பார்க்க முடிய வேண்டும் என்பது விதி. ஆகவே வேலி என்பது தலைவரின் தாடை. முந்தைய தலைவர் கூடைப்பந்து ஆடியவராம், வேலியெல்லாம் ஆளுயரம் நின்றதாம். பிட்டர்லிஷ் ஜெயித்த வாரம் சங்கம் முழுக்கக் கத்தரிக்கோல் சத்தம் கேட்டது என்றார்கள். அவருக்கு இடுப்புப் பிடித்துக் குனிந்து நடந்த வருடம் இன்னொரு முறை வெட்டினார்களாம்.

"மதியம் ஒண்ணுலேருந்து மூணு வரைக்கும் மௌனம்" என்று தொடர்ந்தார். "புல்வெட்டி கூடாது, சுத்தி கூடாது, சத்தமாப் பேசக் கூடாது."

"தும்மல் வந்தா?" என்றான் ஃபால்கோ.

"மூணு மணிக்கு மேல தும்முங்க."

இதையெல்லாம் சமாளித்துவிடலாம். சமாளிக்க முடியாத ஒன்று இருந்தது. நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு காய்கறியாக இருக்க வேண்டும். இருந்தால் மட்டும் போதாது, அது காய்கறிதான் என்று குழு ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆய்வுக்கு முன்னால் நோட்டம் பார்க்க லோமாட்ச் அம்மா வந்தார். சங்கத்தின் பயிர் ஆலோசகர். செடிகளைத் தொட மாட்டார், மண் ஒட்டிவிடும். எட்ட நின்று குடையின் நுனியால் காட்டுவார்.

"இது என்ன?"

"சதகுப்பைம்மா. வெள்ளரி ஊறப்போடச் சேர்ப்போமே, அது."

"பூத்திருக்கே."

"பூக்கும்மா."

"அப்போ இது பூச்செடி."

"போன வாரம் வரைக்கும் கீரையாத்தான் இருந்துச்சு."

"போன வாரம் நான் வரலையே. நான் பார்க்கறப்போ என்னவா இருக்கோ அதுதான் அது." குடை நகர்ந்தது. "அது?"

"உருளைக்கிழங்கு."

"எங்க இருக்கு கிழங்கு?"

"மண்ணுக்குள்ள."

"மண்ணுக்குள்ள இருக்கறதை நான் எப்படிம்மா பார்க்கறது? மேல வெள்ளைப் பூ தெரியுது. இதுவும் பூச்செடி."

குடில் வாசலில் நாலு சட்டிகளில் தக்காளி காய்த்துத் தொங்கியது. எனக்கு அதில் கொஞ்சம் நம்பிக்கை இருந்தது. லோமாட்ச் அம்மா என்னைச் சட்டியைத் தூக்கிக் காட்டச் சொன்னார். தூக்கினேன்.

"தூக்க வருது. அப்போ இது நாற்காலி மேஜைக் கணக்கு. சட்டி மண்ணுக்கு மேல இருந்தா வீட்டுச் சாமான். மண்ணுக்குள்ள புதைஞ்சிருந்தாத்தான் காய்கறி. இதுகூடத் தெரியாம எப்படித்தான் தோட்டம் கேட்டு வர்றீங்களோ."

கடைசியாக ஃபால்கோவின் முட்டைக்கோஸ் பாத்தி. அவன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பரீட்சை எழுதின பையனைப் போல நின்றான். நத்தைகள் ராத்திரியெல்லாம் விருந்து சாப்பிட்டிருந்தன. ஒவ்வொரு இலையிலும் ஓட்டை.

"இது முட்டைக்கோஸ் இல்ல" என்றார் லோமாட்ச் அம்மா. "பராமரிப்புக் குறைவு."

"ஓட்டையைச் சுத்தி இலை இருக்கேம்மா" என்றான் ஃபால்கோ.

"அது பராமரிப்புக் குறைவோட ஓரம்."

அவர் போனதும் ஃபால்கோ கிளம்பிவிட்டான். வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தான். படுக்கவில்லை, உட்கார்ந்தான். நான் அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்துத் தோட்டம் இனெஸுடையது. ட்ராம் ஓட்டுகிறவள், வாய் நீளம், மனசும் அப்படியே. மறுநாள் வேலிக்கு மேலே தலையை நீட்டி, "என்ன முகம் இப்படித் தொங்குது?" என்றாள். சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

"நிஜமாவே முட்டைக்கோஸ் வளர்த்தீங்களா? ரெண்டு பேரும்? அடப் பைத்தியங்களா!"

"வேற எப்படி?"

"இந்தச் சங்கத்துல யாருமே வளர்க்கறதில்ல டோரிட். நத்தை தின்னும், ஓட்டை விழும், பராமரிப்புக் குறைவு ஆயிடும். எதுக்கு வம்பு? பண்ணையில வாங்கின முட்டைக்கோஸ் இருக்கு, சட்டியோட. பளபளன்னு, ஒரு ஓட்டை கிடையாது. சங்கம் பூராவுக்கும் ஒரே செட்டு. குழு ஒரு தோட்டத்தைப் பார்த்துட்டு அடுத்ததுக்கு வாசல் வழியா நடந்து போகும். நாம பின்பாதையில தள்ளுவண்டியில வெச்சு அவங்களுக்கு முன்னாடி அங்க போய்ப் புதைச்சிடுவோம்."

"ஒவ்வொரு தோட்டத்துலயும் அதே முட்டைக்கோஸா?"

"அதேதான். அதுல பெருசா ஒண்ணு இருக்கு பாரு, அது இதுவரைக்கும் அம்பது தடவை பாராட்டு வாங்கிடுச்சு."

"தலைவருக்குத் தெரிஞ்சா?"

இனெஸ் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "ஊர்வலமே அவர் தோட்டத்துலேருந்துதான் கிளம்புது."

ஆய்வு நாள் வந்தது. ஃபால்கோ முந்தைய ராத்திரி தூங்கவே இல்லை. அவனைக் குடிலுக்குள் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினேன். "நான் கூப்பிடற வரைக்கும் வெளிய வராத. நான் பார்த்துக்கறேன்" என்றேன். எனக்கும் பயம்தான், ஆனால் என்னுடைய பயத்துக்குக் குடில் இல்லை.

முதலில் தலைவர் தோட்டம். விதிப்படி அதையும் ஆய்வு செய்ய வேண்டும், தலைவர்தான் செய்ய வேண்டும். பிட்டர்லிஷ் வெளியே நின்று தன் வாசல் மணியை அடித்தார். உள்ளே ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். மறுபடி வெளியே வந்து, "உள்ளே வரலாமா?" என்று கேட்டார். உள்ளே போய், "தாராளமா வாங்க" என்றார். நாங்கள் சிரிக்கவில்லை. யாரும் சிரிக்க மாட்டார்கள்.

பிறகு அவர் பாத்தியில் குனிந்து ஒவ்வொரு முட்டைக்கோஸாகத் தலையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். 'எடை பார்த்தல்' என்று அதற்குப் பெயர். சட்டியோடு லேசாக மேலே வந்தது. திருப்பி வைத்தார். "நல்ல முட்டைக்கோஸ் கையோட வரும்" என்றார். லோமாட்ச் அம்மா தலையாட்டினார்.

அடுத்தடுத்த தோட்டங்களில் அதே முட்டைக்கோஸ், அதே தூக்கல், அதே தலையாட்டல். பின்பாதையில் வண்டிச் சக்கரம் க்ரீச் க்ரீச்சென்று எங்களுக்கு முன்னால் ஓடிக்கொண்டே இருந்தது. வியர்த்து வழிய இனெஸ் தள்ளினாள். கடைசியில் அவள் தோட்டம், அதற்கும் கடைசியாக எங்களுடையது.

இனெஸின் தோட்டத்தில்தான் பிட்டர்லிஷுக்கு உரையாற்ற ஆசை வந்தது.

"பாருங்க இந்த முட்டைக்கோஸை! நான் பதவிக்கு வந்தப்போ இந்தச் சங்கத்துல ஒரு தோட்டத்துலயும் இன்னொரு தோட்டத்துலயும் வேற வேற மாதிரி காய்ச்சுக்கிட்டிருந்தது. குழப்பம்! ஒருத்தருக்குப் பெருசு, ஒருத்தருக்குச் சிறுசு, பொறாமை, சண்டை. இன்னைக்கு? எல்லாத் தோட்டத்துலயும் ஒரே அளவு, ஒரே பச்சை. மண்ணு வேற, வெயில் வேற, கை வேற, ஆனா முட்டைக்கோஸ் ஒண்ணு! இயற்கையால செய்ய முடியாததை நிர்வாகம் செஞ்சிருக்கு!"

கைதட்டினோம். இனெஸ்தான் பலமாகத் தட்டினாள். அவர் உற்சாகமாகி வேலிகளைப் பற்றி ஆரம்பித்தார். தன் தாடையைப் பற்றி உருக்கமாகச் சொன்னார். எனக்கு நேரம் போவது காதில் கேட்பது போலிருந்தது.

தேவாலய மணி ஒரு முறை அடித்தது.

பிட்டர்லிஷ் வாக்கியத்தின் நடுவிலேயே வாயை மூடினார். விரலை உதட்டில் வைத்தார். மௌன நேரம். ஆனால் ஆரம்பித்த ஆய்வைப் பாதியில் நிறுத்தவும் விதி இல்லை. குழு நுனிக்காலில் நடந்து வெளியேறி எங்கள் வாசலை நோக்கித் திரும்பியது.

இனெஸ் பெரிய முட்டைக்கோஸை வண்டியில் போட்டுத் தள்ளினாள்.

க்ரீஈஈச்.

குழு மொத்தமும் திரும்பியது. பிட்டர்லிஷின் தாடை வேலி விளிம்பில் வந்து உட்கார்ந்தது. ஒரு காலைத் தூக்கியபடி இனெஸ் சிலையானாள். வண்டி நகராது. கையில் தூக்கிவரலாமென்றால் தாடைக்கு மேலே இருக்கிற இரண்டு கண்களும் அவளையே பார்க்கின்றன. என்னைப் பார்த்து உதட்டை மட்டும் அசைத்தாள்: "போச்சு."

என் தோட்டத்துக்குள் குழு நுழைந்தது. சத்தமாகத் திட்டினால்கூடத் தாங்கியிருப்பேன். அவர்கள் கிசுகிசுத்தார்கள்.

"பூச்செடி" என்றது ஒரு கிசுகிசு.

"பூச்செடி" என்றது இன்னொன்று.

"சாமான். சாமான். சாமான். சாமான்."

அப்போதுதான் குடிலுக்குள்ளிருந்து அந்தச் சத்தம் கேட்டது. நீளமாக, அமைதியாக, கீழிருந்து மேலே ஏறி இறங்கியது. குறட்டை.

படுத்துவிட்டான். அந்தக் குளிர்காலம் முழுக்க நான் கேட்ட மூச்சு அது.

"மௌன நேரத்துல குறட்டை" என்று கிசுகிசுத்தார் லோமாட்ச் அம்மா.

"தூங்கறாரும்மா" என்று நானும் கிசுகிசுத்தேன். "மௌன நேரம் தூங்கறதுக்குத்தானே?"

பிட்டர்லிஷ் யோசித்தார். "தூங்கலாம். அவர் தூங்கறது மத்தவங்களுக்குத் தெரியக் கூடாது." பிறகு என் காதருகே குனிந்தார், ரொம்பவும் மரியாதையாக. "வருத்தமா இருக்கும்மா. மூணுல ஒரு பங்கு இல்ல. சாவியை அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டியதுதான். முறைக்கு, அந்த ஓட்டை முட்டைக்கோஸையும் எடை பார்த்துடறேன்."

குனிந்து முதல் முட்டைக்கோஸின் தலையைப் பிடித்துத் தூக்கினார்.

வரவில்லை.

கோலை லோமாட்ச் அம்மாவிடம் கொடுத்தார். அவர் கையில் கோல் இல்லாமல் நான் பார்த்தது அப்போதுதான். இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். முகம் சிவந்தது. இலை கிழிந்ததே தவிர, அது அசையவில்லை.

குடில் கதவு திறந்தது. தலைமுடி ஒரு பக்கம் படிந்து, கன்னத்தில் பலகையின் வரி பதிந்து ஃபால்கோ நின்றான். தூங்கி எழுந்த முகம்தான், ஆனால் கண் பாத்தியில் இருந்தது.

"விடுங்க ஐயா" என்று கிசுகிசுத்தான். "அதுக்கு வேர் இருக்கு."

பிட்டர்லிஷ் நிமிர்ந்தார். "வேரா?"

"ஆமாங்க."

"யாரைக் கேட்டு?"

குழு வட்டமாகக் குனிந்து முட்டைக்கோஸைப் பார்த்தது. லோமாட்ச் அம்மா முதல் தடவையாக அதைத் தொட்டார், குடையால்.

"தூக்க வரல, அதனால சாமான் இல்ல" என்றார் மெல்ல. "சட்டி இல்ல, அதனால காய்கறியும் இல்ல. நிலத்தோட நிரந்தரமாப் பிணைஞ்சிருக்கு ஐயா. விதிப்படி பார்த்தா இது..." குரல் இன்னும் தாழ்ந்தது. "கட்டடம்."

பிட்டர்லிஷ் அடுத்ததை இழுத்தார். அதுவும் வரவில்லை. அதற்கடுத்தது. பாத்தி முழுக்க இழுத்துப் பார்த்துவிட்டு வெளிறிய முகத்தோடு திரும்பினார்.

"ஒண்ணு இல்ல. ஒரு தெருவே கட்டியிருக்காங்க."

"அனுமதி இல்லாம" என்றார் லோமாட்ச் அம்மா.

தக்காளிச் சட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். பூ வைத்ததற்கே சாவி போகிறது, தெருவே கட்டினால் என்ன செய்வார்கள்? ஃபால்கோ என் தோளில் கை வைத்தான். கை அங்கேயே இருந்தது.

"இடிச்சுடலாமா?" என்று யாரோ கேட்டார்கள்.

"எப்படி இடிக்கறது?" பிட்டர்லிஷின் கிசுகிசுப்பில் இப்போது பயம் இருந்தது. "நாட்டை ரெண்டாப் பிரிச்ச சுவர் விழறதுக்கு முன்னாடி, பழைய ஆட்சியில கட்டினதா இருந்தா அதுக்குப் பாதுகாப்பு உண்டு. தொட்டா நம்ம தலை போகும்." ஃபால்கோவிடம் திரும்பினார். "இது எப்போ கட்டினது?"

"மே மாசம்."

"எந்த ஆட்சியில?"

ஃபால்கோ என்னைப் பார்த்தான். "மழை ஆட்சியிலங்க. நல்ல மழை."

யாருக்கும் சிரிப்பு வரவில்லை. பிட்டர்லிஷ் விதியைச் சொன்னார். கட்டட விவகாரம் நகரத்தின் பெரிய சங்கத்துக்குப் போக வேண்டும். முடிவு வரும்வரை தோட்டத்தை யாருக்கும் மாற்றிக் கொடுக்க முடியாது. முட்டைக்கோஸை யாரும் தொடவும் கூடாது, வெட்டவும் கூடாது, தின்னவும் கூடாது. கோலைத் திரும்ப வாங்கிக்கொண்டு, குழுவோடு நுனிக்காலில் நடந்து போனார். வேலிக்கு அந்தப் பக்கம் இனெஸ் தூக்கின காலைக் கீழே வைத்தாள்.

மரத்து இலையெல்லாம் உதிர்ந்த பிறகு முடிவு வந்தது. பிட்டர்லிஷ் தன் தாடையை எங்கள் வேலியில் வைத்துச் சொன்னார்.

"பெரிய சங்கம் ஒத்துக்கிட்டாங்க. கட்டடம் செல்லும். அது நிக்கற வரைக்கும் தோட்டம் உங்களோடது."

"விழுந்துட்டா?" என்றேன்.

"பராமரிப்புக் குறைவு. தோட்டம் போயிடும்."

"முட்டைக்கோஸ் ஐயா அது. எவ்வளவு காலம் நிக்கும்?"

"அது கட்டினவர் பொறுப்பு."

அடுத்து வந்த குளிர்காலத்தில் ஃபால்கோ ஒரு நாள்கூடப் படுத்துக் கிடக்கவில்லை. படுத்தால் கட்டடம் விழுந்துவிடும். வைக்கோல் போட்டான், தன் பழைய ஸ்வெட்டரைச் சுற்றினான். பனி கொட்டிய காலையில் பிட்டர்லிஷ் வந்து, "கூரைப் பனியை அகற்றணும், விதி" என்றார். ஃபால்கோ பல் துலக்கும் பிரஷ்ஷால் இலை இலையாக அகற்றினான். நான் ஒவ்வொரு நாளும் பயந்தபடியே எழுந்தேன். எழும்போது பக்கத்தில் கட்டில் காலியாக இருக்கும். முன்பு அவன் அதில் கிடப்பதைப் பார்த்து வந்த பயம். இப்போது அது காலியாக இருப்பதைப் பார்த்து வருகிற பயம். எது மேல் என்று கேட்டால் எனக்குத் தெரியும்.

பனி உருகியபோது தெருவில் ஒரே ஒரு வீடு நின்றது. ஒரு மதியம் தோட்டத்துக்குப் போனேன். ஃபால்கோ அதன் முன்னால் மண்டியிட்டுக் கிடந்தான். என்னைக் கண்டதும் விரலை உதட்டில் வைத்துக் கையை அசைத்துக் கூப்பிட்டான். முட்டைக்கோஸின் தலை பிளந்து நடுவிலிருந்து ஒரு தண்டு கிளம்பியிருந்தது. நுனியில் மொட்டுகள். ஒன்று லேசாக மஞ்சள் காட்டியது.

"பூக்குது" என்று கிசுகிசுத்தான்.

"பூத்தா பூச்செடி ஆயிடுமே!" நானும் கிசுகிசுத்தேன். "கட்டடம் போச்சு, தோட்டம் போச்சு!"

"பூத்தாத்தான் விதை. விதை இருந்தாத்தான் அடுத்த கட்டடம். கொஞ்ச வாரம் மறைச்சா போதும் டோரிட்."

பாதையில் டொக், டொக்கென்று கோல் ஊன்றும் சத்தம் கேட்டது. நெருங்கியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது தாடை வேலியில் இருந்தது. ஃபால்கோவின் தொப்பி முட்டைக்கோஸின் தலையில் இருந்தது.

பிட்டர்லிஷ் கோலால் அதைக் காட்டினார்.

"அது என்ன?"

"கூரை" என்று கிசுகிசுத்தான் ஃபால்கோ.

"நீலக் கூரையா?"

"கூடாதுங்களா?"

பிட்டர்லிஷ் யோசித்தார். உதடுகள் அசைந்தன, மனதுக்குள் விதிகளைப் புரட்டினார். "நீலம் ஆகலாம்" என்றார் கடைசியில். "மஞ்சள் மட்டும் கூடாது."

கோல் சத்தம் தேய்ந்து போகும்வரை நாங்கள் அசையவில்லை. பிறகு ஃபால்கோ என் பக்கம் திரும்பினான். அவன் தோள் குலுங்கியது. அழுகிறான் என்று நினைத்து அவன் முகத்தைப் பிடித்து நிமிர்த்தினேன். கண்ணில் தண்ணீர், வாய் காது வரைக்கும்.

மௌன நேரத்தில் சிரிக்கவும் அனுமதி கிடையாது. அதனால் சத்தமில்லாமல், தொப்பியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, சிரித்தான்.